அட்ரினலினுக்கு மசியாத செல்கள்

காபியில் உப்பு. மாப்பிள்ளை கையால் போட்டதாயிற்றே என்று மாமியார் முதல் வாயை எப்படியோ விழுங்கிவிட்டார்.

"நேத்து டப்பாவெல்லாம் நிரப்பினது நீங்கதானே?" என்றாள் மனைவி. "மூடியை மாத்திப் போட்டுட்டீங்க. உப்பு டப்பா மேல சர்க்கரைன்னு எழுதியிருக்கு."

"என் மூளையெல்லாம் ஆய்வுக்கூடத்துல இருக்கு. வீட்டுக்கு மிச்சம்தான் வரும்."

ஆய்வுக்கூடத்திலும் அது இருந்ததற்கு அடையாளம் இல்லை. குடல் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் அட்ரினலின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளை ஆராய்வது மாப்பிள்ளையின் வேலை. ஒரு தட்டுக்கு அட்ரினலின் மட்டும். அடுத்ததற்கு அட்ரினலினோடு ஏற்பியை அடைக்கிற மருந்தும். முதலாவதில் செல்கள் பெருக வேண்டும், இரண்டாவதில் அடங்க வேண்டும். நடந்ததோ தலைகீழ்.

வேலை நிரந்தரமாவது இந்த ஆராய்ச்சியை நம்பித்தான் இருந்தது. அட்ரினலின் அவரிடம் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது.

அளவைக் கூட்டினார். இன்னும் பளிச்சென்று தலைகீழ். புது மருந்து வாங்கினார், புதுச் செல்கள் வளர்த்தார். அதே கதை. தப்பு தன்மேல் இருக்க வாய்ப்பே இல்லை என்பதால், பழியைச் செல்கள் மேல் போட்டுப் பேராசிரியரிடம் ஓடினார்.

"அட்ரினலினுக்கு அடங்குற புற்றுநோயா!" பேராசிரியர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "யாருமே பார்த்ததில்லையே! மாநாட்டுல அறிவிச்சிடுவோம். உங்க வேலை நிரந்தரம்னு வச்சுக்குங்க."

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மாமியாரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தார். உப்புக் காபியின் கறையை வேறு எப்படித் துடைப்பது? பேராசிரியரும் பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்பப் பாருங்க அத்தை."

முதல் தட்டின் மூடியைக் கழற்றி வைத்து, அதன் மேல் இரண்டாவது தட்டின் மூடியை அடுக்கினார். முதல் தட்டில் அட்ரினலின் விட்டார். இரண்டாவதில் அட்ரினலினோடு அடைக்கிற மருந்தையும் விட்டார். அடுக்கில் மேலே இருந்த மூடியை எடுத்து முதல் தட்டை மூடினார், மிச்சமிருந்த மூடியால் அடுத்ததை.

"இவ்வளவுதான் அத்தை. இதுலதான் உலகமே அசரப்போகுது."

மாமியார் குனிந்து தட்டுகளை உற்றுப் பார்த்தார்.

"இங்கேயும் பேரை மூடி மேலதான் எழுதுவீங்களா, மாப்பிள்ளை?"