உம் கொட்டும் துப்பறியும் மூளை

மர்மக்கதை எழுத்தாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் புகைப்படத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மோவாயில் ஒரு விரலை ஊன்றி, ஒரு கண்ணைச் சற்றே சுருக்கி, உங்கள் ரகசியமெல்லாம் என் சட்டைப் பையில் என்பதுபோல் பார்ப்பார்கள். உங்கள் ரகசியம் கிடக்கட்டும், தங்கள் மூக்குக்கண்ணாடி தங்கள் நெற்றியில் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்கிறீர்களா? அந்த இனத்தில் ஒருவருக்குக் கீழ்வீட்டில் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன் ஐயா. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

எழுதும் நேரத்தில் இவர்களால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற பகல்தான் ஆபத்து. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பார்கள், சீட்டாடுவார்கள், குறட்டை விடுவார்கள். நம்மவரோ சாவி தொலைந்த பூட்டுகளைச் சேர்ப்பார், பால்கனியில் பூச்செடிக்குப் பதிலாக, எந்த இலையைத் தின்றால் எவ்வளவு நேரத்தில் நுரை தள்ளும் என்று சீட்டு ஒட்டிய தொட்டிகளை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றுவார், எந்த ஊருக்கும் போகிற உத்தேசமில்லாமல் ரயில் கால அட்டவணையை ரசித்து ரசித்துப் படிப்பார், மருந்துக்கடைக்குப் போய், “இது காப்பில கலந்தா கசக்குமா?” என்று கேட்டுவிட்டு ஓர் இருமல் மிட்டாயோடு திரும்புவார். மருந்துக்கடைக்காரர் இப்போதெல்லாம் இவர் தலையைக் கண்டதும் உள்ளே போய்விடுகிறார்.

ஒருநாள் அவர் வீட்டுச் செய்தித்தாளைக் காணோம். மாடிப்படியில் என்னை மறித்தார்.

“காலைல ஆறே காலுக்கு எங்க இருந்தீங்க?”

“பல்லு தேய்ச்சுக்கிட்டு இருந்தேன் சார்.”

“சாட்சி?”

“பல்லுதான்.”

சிரிக்கவில்லை மனிதர். என் விரல் நுனிகளைப் பிடித்து அச்சு மை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். செய்தித்தாள் அவருடைய கக்கத்திலேயே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். “கைதேர்ந்தவன் இப்படித்தான் பேச்சை மாத்துவான்” என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே போனார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். அன்றிலிருந்து நான் செய்தித்தாள் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

இந்த இனத்தின் முக்கியமான அங்க அடையாளம் மூளை என்று நினைப்பீர்கள். இல்லை, காது. நேருக்கு நேர் சொல்கிற எதுவும் அந்தக் காதில் ஏறாது. இவர்கள் தொழிலில், முகத்தைப் பார்த்து ஒருவன் ஒன்றைச் சொன்னால் அது பொய். அல்லது வாசகனைத் திசைதிருப்ப வைத்த கண்ணி. உண்மை என்பது கதவிடுக்கில் சிக்கிய நூலிலும், எரிந்த தீக்குச்சியின் நீளத்திலும்தான் இருக்கும். ஆகவே வாயால் சொல்கிறவர்களுக்கெல்லாம் இவர்களிடம் ஒரே பதில்தான் உண்டு: உம்.

இந்த உம்மை முப்பது வருஷமாக வாங்கிக்கொண்டிருப்பவர் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் இருவரும் கடலுக்குப் போனார்களாம். இடுப்பளவுத் தண்ணீரில் அலை அடித்துக் கால் தடுமாறி மனைவி கையை நீட்டியபோது, கரையில் நின்ற நம் கதாநாயகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “ஒரு ஆள் முழுகிப் போக எத்தனை நிமிஷம் ஆகும்?” என்று கேட்டாராம். கையைப் பிடித்துத் தூக்கியது பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த யாரோ. அதோடு அந்த அம்மாள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. ஐம்பத்து நாலாவது வயதில், ஐந்து மாதத்துக்கு முன்னால், என்ன தோன்றியதோ, நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டார். வாரத்தில் இரண்டு சாயங்காலம்.

அந்த நீச்சல்குளத்தில் ஒரு வழக்கம். கற்றுக்கொள்கிறவர் முதல் தடவையாக ஆழமான பக்கம்வரை தனியாகக் கடக்கும் நாளில், வீட்டு ஆள் ஒருவர் அக்கரையில் நிற்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து நீந்தி வர வேண்டும். டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தாகிவிட்டது. அவர் கணவரிடம் சொன்னார். சாப்பிடும்போது ஒரு தடவை, முகம் மழிக்கும்போது ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை. மூன்றாவது தடவை படிக்கட்டில் நடந்ததால் என் காதாலேயே கேட்டேன்.

“என்னங்க, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் நீந்திக் காட்டணும். நீங்க வந்து அந்தக் கடைசியில நிக்கணும்.”

“உம்.”

“நான் என்ன சொன்னேன்?”

“ஞாயித்துக்கிழமைன்னு சொன்ன. யோசிச்சுப் பாத்தா அந்தத் தோட்டக்காரனை சனிக்கிழமையே கொன்னிருக்கணும்.”

அந்த அம்மாள் மேலே ஏறிப் போனார். அன்று சாயங்காலம் அவர்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து கண் கலங்கினாள்.

“அப்பா வந்து நிக்கலைன்னா அம்மா தண்ணில இறங்கவே மாட்டாங்களாம் அங்கிள். நான் நிக்கிறேன்னு சொல்லிப் பாத்துட்டேன். ‘அன்னைக்குக் கையப் பிடிக்காத மனுஷன் ஒரு தடவையாவது வந்து நிக்கட்டும், இல்லன்னா எனக்கு நீச்சலே வேண்டாம்’னு சொல்றாங்க.”

எனக்கே பாவமாக இருந்தது. ஐந்து மாதம் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, பயந்து செத்துப் பிழைத்ததெல்லாம் ஓர் உம்மில் அடித்துக்கொண்டு போய்விடும்போல் இருந்தது.

மறுநாளே நம்மவர் விழித்துக்கொண்டார். வியாழக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“சார், என் மனைவி ஏதோ பெரிய ஆபத்துல மாட்டிக்கிட்டா.”

“என்ன சார் ஆச்சு?”

“துண்டுல பிளீச்சிங் பவுடர் வாடை. எதைக் கழுவியிருப்பான்னு யோசிங்க. கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு, ஆனா வீட்டுல அழறதில்ல. கண்ணைச் சுத்தி வட்டமா ஒரு தழும்பு. யாரோ இறுக்கிக் கட்டியிருக்காங்க. கைப்பையில இருபத்தேழுன்னு நம்பர் போட்ட ஒரு டோக்கன்.”

“சார், அவங்க நீச்சல் கத்துக்கிறாங்க.”

என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். “உங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்காளா?”

தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் வேறென்ன செய்ய முடியும்? அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். குப்பைக்கூடையில் கிடைத்த பதினொரு துண்டுக் காகிதங்களை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒட்டியிருந்தார். ‘ஞாயிறு பத்து மணி. நீச்சல்குளம். ஆழமான பக்கம். யாரிடமும் சொல்லாதே.’ எழுத்து கோணல்மாணலாக இருந்தது. “இடது கையால எழுதினது. பயல் சாமர்த்தியசாலி” என்றார். ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று எழுந்து போய் இன்னொரு தடவை பார்த்தார். மனிதர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் கூப்பிட்டாள் என்று நானும் போனேன். மணி பத்து அடித்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. டீச்சர் குளத்தின் விளிம்பில் நீச்சல் உடையில் நின்றுகொண்டிருந்தார். அக்கரையில் யாரும் இல்லை. பயிற்சியாளர் இரண்டு முறை விசில் ஊதிப் பார்த்துவிட்டு, “அடுத்த வாரம் வச்சுக்கலாமா மேடம்?” என்று கேட்டார். டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுட்டெரிக்கிற வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, இரவல் தொப்பி ஒன்றைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் குழாய் ரிப்பேர் பையோடு ஓர் உருவம் வந்தது. வாசல் காவலாளி எழுந்து நின்றார்.

“வாங்க சார். மழைக்கோட்டோட ஒருத்தர் வருவாரு, எதுவும் கேக்காம விட்டுடுங்கன்னு மேடம் சொல்லிட்டுத்தான் உள்ள போனாங்க.”

நேராகச் சொன்னார் அல்லவா? ஆகவே அது காதில் விழவில்லை. “பம்ப் ரிப்பேர்” என்று கட்டைக்குரலில் சொல்லிவிட்டு, நம்மவர் ஆழமான பக்கத்துத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். மழைக்கோட்டின் பாதி வெளியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் டீச்சர் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குதித்துவிட்டார்.

பாதிவரை நன்றாகத்தான் போனார். அதற்குப் பிறகு கை தளர்ந்தது. தலை ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். பை ஒரு பக்கம், ஸ்பானர் ஒரு பக்கம், தொப்பி தண்ணீரில். மனிதர் விளிம்பில் குப்புற விழுந்து படுத்து இரண்டு கையையும் நீட்டினார்.

“வா வா! இதோ இருக்கேன்! என்னைப் பாத்து வா! கையக் குடு!”

டீச்சர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கையாகப் போட்டு வந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். முதலில் வாயைத் திறந்தவர் நம்மவர்தான்.

“யாரு உன்னை மிரட்டுறது? பேரைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

“யாரும் மிரட்டல. அந்தச் சீட்டை எழுதினது நான்தான்.”

“இடது கையாலயா?”

“இடது கையாலதான். நீச்சல்குளத்து டோக்கனை உங்க கண்ணுல படற மாதிரி வச்சதும் நான்தான். மூணு தடவை வாயால சொன்னேன், உம் கொட்டினீங்க. கிழிச்சுக் குப்பையில போட்டேன், ஒட்டிப் படிச்சுட்டு ஓடி வந்துட்டீங்க. உங்களுக்கு வேற எப்படிங்க பத்திரிகை வைக்கிறது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நம்மவர் சிரிக்கவில்லை. நனைந்த மழைக்கோட்டோடு அப்படியே கிடந்தார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. பயிற்சியாளர் அடுத்த ஆளை இறக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, “முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன் சார். பாவம், ஆசைப்படறாளேன்னு விட்டுப் பிடிச்சேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“சரி, போன வாரம் நான் ஒண்ணு சொன்னேனே, அது என்னாச்சு?”

“என்ன சொன்ன?”

அவள் உள்ளே போய்விட்டாள். நான் சத்தம் போடாமல் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். ஏழு துண்டுகள் கிடைத்தன. நாலு ஒட்டியாகிவிட்டது, மூன்றுக்கு இன்னும் இடம் தெரியவில்லை. என்னை விடுங்கள், நான் ஒட்டிக்கொள்கிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் உம் என்றீர்கள். என்ன சொன்னார்கள்?