கோணேஸ்வரி அக்கா சாக வேண்டிய காட்சி

மேடையை விட்டு இறங்கத் தெரியாத நடிகை என்றொரு இனம் உண்டு. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் எந்த நாடக மன்றத்தை எடுத்தாலும் ஒருவராவது இருப்பார். பகலில் கந்தோரில் கோப்புக் கட்டுவார்; பின்னேரம் ஒத்திகைக்கு வந்ததும் தன் வசனத்தோடு மற்ற எல்லாருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்து, யார் எங்கே மூச்சுவிட வேண்டும் என்பதையும் தானே தீர்மானித்து, இயக்குநர் வாயைத் திறப்பதற்கு முன்பே “எனக்குத் தெரியும்” என்பார். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியாதா என்ன?

நமக்குத் தெரிந்தவர் கோணேஸ்வரி அக்கா. பத்தொன்பது வருடம் கதாநாயகி. இந்த வருடம் இயக்குநர் அருளம்பலம், வங்கியில் வேலை செய்யும் தனுஷிகாவைக் கதாநாயகியாக்கி, அக்காவை அவளுக்குத் தாயாக்கிவிட்டார். அந்தத் தாயும் முதற் காட்சியிலேயே செத்துப்போகிறாள்.

“சாகிறன் அண்ணை. ஆனா உடன ஏலாது.”

“ரெண்டு இருமல் போதும் தங்கச்சி.”

“ரெண்டு இருமலில சாக நான் என்ன கோழியே?”

மன்றங்களுக்கிடையிலான நாடகப் போட்டி நாளன்று பதினொரு இருமல் இருமினார். கதவில் சாய்ந்து, கதிரையில் விழுந்து, மறுபடி எழுந்து, பிரதியில் இல்லாத ஒரு வசனத்தால் கோணேசப் பெருமானை அழைத்து, சாம்பல்தீவிலிருந்து வந்திருந்த ஒருவர் “பஸ் போகப்போகுது அக்கா, கெதியாச் சாகுங்கோ!” என்று கத்திய பிறகுதான் கண்ணை மூடினார். இனிப் பிணம்தானே, பேசாமல் கிடப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

அடுத்தது செத்தவீட்டுக் காட்சி. தனுஷிகாவுக்கு இதுதான் முதல் மேடை, முன்வரிசையில் நடுவர்கள். ஒப்பாரியின் மூன்றாவது வரியில் பிள்ளைக்குச் சொல் நின்றுவிட்டது. அக்காவுக்குப் பாவம் என்ற எண்ணம் இல்லாமல் இல்லை; அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் இருந்தது. பிணம் ஒரு கண்ணைத் திறந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்தப் பிள்ளை இனி மேடைப் பக்கம் வரமாட்டாள் என்று அக்காவுக்குத் தோன்றியது.

தனுஷிகா ஓடவில்லை. செத்தவரின் வாய் திறந்துவிடாமல் வெள்ளைத் துணியால் நாடி கட்டுவார்களே, அதை இந்த நாடகத்தில் யாரும் யோசிக்கவில்லை. அவள் தன் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை உருவிக்கொண்டு பிணத்தின் தலைமாட்டில் குந்தினாள்.

“அம்மா, உயிரோட இருக்கேக்கயும் என்னைக் கதைக்க விடேல்ல. செத்தாப் பிறகாவது நான் கதைக்கிறன்.”

நாடியைச் சேர்த்து இறுக்கி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். சிரிப்பு நின்றது. பிறகு அவள் அழுத அழுகையில் மண்டபமே அழுதது. பிணத்தின் கண்ணிலும் நீர் வழிந்தது; அக்காவின் பத்தொன்பது வருடத்தில் நடிப்பில்லாமல் வந்த கண்ணீர் அது ஒன்றுதான். சிறந்த நடிகைப் பரிசு தனுஷிகாவுக்குப் போனது.

“வசனம் நான் எடுத்துக் குடுத்தபடியாத்தான் பிள்ளைக்குக் கிடைச்சது” என்று அக்கா இன்றும் கந்தோரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரியுங்கள். ஆனால் போன கிழமை மருமகளின் குசினிக்குள் போய் உப்புப் பார்த்தது யார்? தலைவர் பதவியை இன்னொருவரிடம் கொடுத்த பிறகும், கூட்டத்தில் எழுந்து “ஒரு சின்ன விசயம்” என்று முக்கால் மணித்தியாலம் பேசியது யார்? உங்கள் காட்சி முடிந்து எவ்வளவு காலமாயிற்று என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் யாராவது எழுந்துபோய் அலுமாரியில் வெள்ளைத் துணி தேடினால், தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.