மன அழுத்த ஒழிப்பு வாரம்

ஊழியர்களின் மூளையைப் பற்றி இத்தனை உருக்கமாகக் கவலைப்பட்ட நிறுவனம் பூவுலகில் வேறு இருந்ததில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவு குமாஸ்தாவை எல்லோரும் ‘பசு’ என்பார்கள். லிஃப்டில் பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டினாலும், மேலாளர் திட்டினாலும், "சரிங்க சார்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் வராமல் போகலாம். மேலாளர் மணியை அழுத்தினால் பசு வந்துவிடுவார்.

ஆனால் விழுங்கியதெல்லாம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே. தொப்பை வளர்ந்தது, தூக்கம் போனது. ஒருநாள் வீட்டில் செல்பேசி மணி அடித்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் விறைப்பாக எழுந்து நின்று மனைவியைப் பார்த்து, "சரிங்க சார்" என்றார். அவள் அன்றே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"புலி துரத்துதுன்னு உங்க உடம்பு நினைச்சுக்கிட்டு இருக்கு," என்றார் டாக்டர். "ஓடித் தப்பிக்கட்டும்னு ரத்தத்துல சர்க்கரையைக் கொட்டுது. நீங்களோ நாற்காலியில உக்காந்திருக்கீங்க. கொஞ்ச நேரம்னா பரவாயில்லை. வருஷக்கணக்கா நீடிச்சா மூளையில சுரக்குறது தாறுமாறாகும். ஞாபகம் மங்கும், வயித்துல கொழுப்பு சேரும், சிடுசிடுப்பு வரும்."

"சிடுசிடுப்பா? அது வந்தாத்தான் தேவலையே டாக்டர். ஒரு தடவையாவது வாயைத் திறந்து பேசச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

டாக்டர் சீட்டைக் கண்டு மேலாளர் நெஞ்சுருகிப்போனார். உடனே ‘மன அழுத்த ஒழிப்பு வாரம்’ பிரகடனமாயிற்று. நிதானமாக மூச்சு விடுவது குறித்த அவசரக் கூட்டம் சாப்பாட்டு வேளையில் நடந்தது. புன்னகைக்காதவர்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. பதற்றத்தை அளக்கும் பட்டை எல்லோர் மணிக்கட்டிலும் ஏறியது. பதற்றம் கூடினால் அது கீச்சிடும். மேலாளர் வரிசைக்கு வரிசை வந்து "ரிலாக்ஸா இருக்கீங்களா?" என்று அதட்டியபோது, பிரிவே குருவிக்கூடாய் அலறியது.

வியாழக்கிழமை மேலாளருக்குப் பல்வலி. அவர் வரவில்லை, கீச்சொலியும் வரவில்லை. பசு தேங்கிக் கிடந்த புகார்களையெல்லாம் தீர்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரி சொன்ன ஜோக்குக்குத் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் பட்டைகளின் அறிக்கையைப் பார்த்து மேலாளர் முகம் சுளித்தார். "நேத்து ஒரு பட்டைகூட வேலை செய்யலை. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுங்க. கோளாறு என்னன்னு எழுதலாம்?"

பசு முதன்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பட்டை கீச்சிட்டது. அது அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"பட்டை நல்லாத்தான் இருக்கு சார்," என்றார். "நேத்து கோளாறுதான் லீவு."