பூட்டுக்காரர் இல்லாத அரை மணி நேரம்

மனித குலத்தின் மீது உண்மையான அக்கறை கொண்ட பிறவி இந்த உலகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். டாக்டர் நீங்கள் படுத்த பிறகு வருவார். உறவினர்கள் நீங்கள் போன பிறகு வருவார்கள். நாங்கள் மட்டும்தான் நீங்கள் நன்றாக இருக்கும்போதே, விடுமுறை நாள் காலையில், வாயில் பல்துலக்கும் நுரையோடு நிற்கும்போதே வந்து, "சார், நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று அன்போடு விசாரிக்கிறோம்.

இந்த அக்கறைக்கு வீடுகளில் கிடைக்கும் வரவேற்பு மெய்சிலிர்க்க வைப்பது. ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் குடும்பத் தலைவர் சோபாவிலேயே ஆழ்ந்த உறக்கத்தில் வீழ்ந்தார். வாய்க்குள் பிஸ்கெட் மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில், "சரியான நேரத்துல வந்தீங்க!" என்று என்னை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எல்லா ஃபேன்களையும் துடைத்து முடித்த பிறகு, "நாங்க ஏற்கனவே பாலிசி எடுத்துட்டோமே" என்றார்கள். வேறொரு வீட்டில் கணவன் மனைவி சண்டையின் நடுவே நுழைந்துவிட்டேன். தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள். மனைவி பக்கம் சொன்னேன். கணவர் கையெழுத்துப் போடவில்லை. கணவர் பக்கம் சொல்லியிருந்தால் அந்த அம்மா போட விட்டிருக்க மாட்டார்.

மனித குலம் இப்படி நன்றிகெட்டுக் கிடந்த வேளையில்தான் எங்கள் கிளை மேலாளர் 'இன்மை உணர்த்தும் முறை' என்ற மாபெரும் தத்துவத்தைக் கண்டறிந்தார். அதற்கென்று பயிற்சி வகுப்பு நடந்தது.

"ஜனங்ககிட்ட அன்பு இல்லாம இல்லை" என்றார் மேலாளர். "ஆனா வீட்டுக்காரர் எந்நேரமும் கண்ணு முன்னாடியே உட்கார்ந்திருக்கார். எதிர்லயே இருக்கிற ஆள் மேல எப்படிங்க அன்பு வரும்?"

எல்லோரும் தலையாட்டினோம். எல்லோரும் கல்யாணமானவர்கள்.

முறை மிக எளியது. வீட்டுக்காரரை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்த வேண்டும். அவர் உட்காரும் நாற்காலியைக் காலியாக ஹால் நடுவே போட வேண்டும். தாழ்ந்த குரலில், 'இவர் இப்போது இல்லை' என்று வீட்டாருக்கு அறிவிக்க வேண்டும். அழுகை வந்ததும் நிறுவனச் சின்னம் பொறித்த கைக்குட்டையை நீட்ட வேண்டும். அழுகை நிற்பதற்குள் விண்ணப்பத்தை நீட்ட வேண்டும்.

"ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விழக்கூடாது. இடைவெளி விழுந்தா ஜனங்க யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்று எச்சரித்த மேலாளர், வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "மாசம் முடியறதுக்குள்ள ஒரு கையெழுத்தாவது கொண்டு வாங்க. இல்லன்னா உங்க ஏஜென்சியும் இப்போ 'இல்லை'ன்னு வச்சுக்குங்க."

மாதம் மறுநாளே முடிகிறது. அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் பூட்டுக்காரர் வீட்டுப் படியேறினேன்.

கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவர் அவர். சாவியைத் தொலைத்த ஊரே அவரிடம்தான் ஓடும். எந்தப் பூட்டையும் உடைக்காமல் திறப்பார். அவர் வீட்டிலோ வாசல் கதவின் கைப்பிடியைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். அலமாரிக் கதவு திறந்துவிடாமல் ஒரு ஸ்டூல் காவல் நின்றது.

"ஊர்ப் பூட்டெல்லாம் இவர் கைபட்டாத் திறக்கும். நம்ம வீட்டுக் கதவு மட்டும் இவர் கண்ணுலயே படாது" என்று அவர் மனைவி என்னை வரவேற்றார்.

"நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்றார் பூட்டுக்காரர். அது நெடுநாளைய நாளை என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

கல்லூரியில் படிக்கும் மகளும், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கும் மச்சானும் ஹாலில் இருந்தார்கள். நான் முறையை விளக்கினேன். பூட்டுக்காரருக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது.

"உள்ள போய் நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது சார். நீங்க இல்லை."

"செல்போன் பார்க்கலாமா?"

"இல்லாதவங்க செல்போன் பார்க்க மாட்டாங்க சார்."

"சரி. இவங்க கூப்பிட்டாங்கன்னா?"

"எவ்வளவு கூப்பிட்டாலும் வாயே திறக்கக்கூடாது. இந்த முறைக்கு உயிரே அதுதான்."

அவர் படுக்கையறைக்குள் போனார். நான் மரியாதையோடு கதவைச் சாத்தினேன். 'டக்' என்று ஏதோ விழுந்தது. நாற்காலியை ஹால் நடுவே போட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"அம்மா, இவர் இப்போ இல்லை."

அழுகைக்குக் காத்திருந்தேன்.

"அப்போ அந்த ரூம் எனக்கா?" என்றாள் மகள்.

"ஏய், தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கேன்ல? எனக்குத்தான்" என்று மச்சான் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், அது காலியா இருக்கணும்."

"சும்மா கிடந்தாத் தூசிதான படியும்?"

நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இவர் இல்லாம முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"வேற பூட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாக் கதவையும் சரி பண்ணுவேன்."

"எவனைக் கூப்பிடுவே?" என்று உள்ளிருந்து குரல் சீறியது. "அந்த பஸ் ஸ்டாண்ட் கடைக்காரனையா?"

"ஆமா. அவர் வர்றேன்னு சொன்னா வர்றாராம்."

"அவன் வெட்டறது சாவியா? தகரம்!"

"சார்! நீங்க இல்லை!" என்று கத்தினேன்.

"இல்லைன்னா? அவனை என் வீட்டுக்குள்ள விட்டுடுவாங்களா?"

"இல்லாதவர் ஆட்சேபணை தெரிவிக்க முறையில் இடமில்லை சார்!"

உள்ளே சத்தம் நின்றது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட மௌனம் என்பது கதவு வழியாகவே தெரிந்தது.

பயிற்சியில் மனப்பாடம் செய்ததை எடுத்துவிட்டேன். "இனிமே சாப்பாட்டுக்கு ஒரு தட்டு குறையும்மா."

"கழுவற வேலை குறையும்" என்றார் மச்சான். மகள் களுக்கென்று சிரித்தாள்.

"சாயங்காலம் ஆனா படியில இவர் நடந்து வர்ற சத்தம் கேட்காது."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"வலது கால் ஷூ தேய்ஞ்சு போச்சு. இழுத்து இழுத்து வருவார்" என்றார் அந்த அம்மா, கையிலிருந்த அவர் சட்டையைப் பார்த்தபடி. "கீழ்ப்படியிலயே எனக்குக் கேட்கும். கேட்ட பிறகுதான் அடுப்பைப் பத்த வைப்பேன். ஆறிப்போனா அவருக்குப் பிடிக்காது." சட்டென்று எழுந்தார். "போதும் சார் இந்த விளையாட்டு. ஏங்க, வெளிய வாங்க."

பதில் இல்லை.

"ஏங்க!"

கைப்பிடியைத் திருகினார். கதவு அசையவில்லை. நான் சாத்தியபோது 'டக்' என்று விழுந்தது, நாளைக்குச் சரிசெய்யப்படவிருந்த பூட்டுதான்.

"அப்பா, கோபமா? சும்மா சொன்னேன்பா. ரூம் வேண்டாம்பா!"

"அத்தான்! அத்தான்!" நாற்காலியை விட்டு மச்சான் எழுந்துவிட்டார்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்குங்க. ஒரு வார்த்தை பேசுங்க!" என்று அந்த அம்மா இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினார்.

அவர் ஏன் பேசவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் நினைவிருந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாவின் கன்னத்தில் முதல் துளி இறங்கிவிட்டது. முறைப்படி கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. இடைவெளி விழக்கூடாதே என்று விண்ணப்பத்தையும் நீட்டினேன்.

"இந்த மாதிரி நேரத்துக்காகத்தாம்மா எங்க நிறுவனம்..."

என்னை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் கணவரின் கருவிப் பையைக் கவிழ்த்தார். சுத்தியலை எடுத்தார். எந்தப் பூட்டையும் உடைக்காமல் திறப்பவரின் வீட்டில் பூட்டு சுக்குநூறானது.

பூட்டுக்காரர் கட்டில் விளிம்பில், முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு, மிக ஒழுங்காக 'இல்லாமல்' உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பேசலை?"

"இவர்தான் பேசக்கூடாதுன்னார்." என்னைக் காட்டினார். "அப்புறம், நீ ஷூ சத்தத்தைப் பத்திச் சொன்னியா... இன்னும் ஏதாவது சொல்லுவியோன்னு..."

அந்த அம்மா அவர் தோளில் படபடவென்று அடித்தார். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"பூட்டை உடைச்சிட்டியே. நாளைக்குச் சரி பண்ணியிருப்பேனே!"

"வாயை மூடுங்க."

மனைவியின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார் பூட்டுக்காரர். அவர் கண்களும் கலங்கியிருந்தன. "கொடுங்க சார். எங்க போடணும்?"

ஒரு கை மனைவியின் முதுகில் இருக்க, மறு கையால் கையெழுத்துப் போட்டார். இடைவெளி விழவேயில்லை. என் ஏஜென்சி பிழைத்தது.

வாசல்வரை அந்த அம்மா வந்தார். "தம்பி, அவர் ஏன் பேசலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"முறை அப்படிம்மா."

கயிறு கட்டிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"கூப்பிட்டா பதில் சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததை விவரித்தேன். மேலாளர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்றார். "நம்ம முறையில ஒரு குறை இருந்தது. கதவைச் சும்மா சாத்தினோம்!" அன்று முதல் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் நிறுவனச் சின்னம் பொறித்த பூட்டு ஒன்று வழங்கப்படுகிறது.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எழுந்து, "சார், வீட்டுக்காரரை எப்போ வெளிய விடணும்?" என்று கேட்டாள்.

"கையெழுத்து ஆனதும்."

"ஆகலைன்னா?"

மேலாளர் அவளைக் கனிவோடு பார்த்தார். "ஆகும்மா."

அரங்கம் அதிரக் கைதட்டினோம். உலகில் வேறு சிலரும் கிட்டத்தட்ட இதே சேவையைச் செய்வதாகச் செய்தித்தாளில் படிக்கிறேன். ஆளை அறையில் அடைக்கிறார்கள், வீட்டாரை அழவைக்கிறார்கள், கேட்டது கைக்கு வந்ததும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களிடம் எங்கள் அக்கறை கிடையாது. ஒரே ஒரு தடவை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நாங்கள் மாதாமாதம் வருகிறோம்.