ஓட்டை ஒழிப்புத் தீர்மானம்

மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாள்முதல் எழுப்பிய சுவர்களில், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்சுவருக்கு ஈடு இணை கிடையாது. இப்படிச் சொன்னவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். சங்கத்தில் வேறு யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் இதைப் பொதுக்கருத்து என்றே கொள்ளலாம்.

வெறும் பூச்சுச் சுவராகக் கிடந்ததன்மேல் மெல்லிய கல் வில்லைகளை ஒட்டி, அதைக் 'கோட்டை' ஆக்கியது அவருடைய சாதனை. வேலை முடிந்த அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்வையிட்டார். மேலிருந்து பெருமையோடு இறங்கி வந்த பார்வை அடியில் வந்து இடறியது. சுவரின் அடியோரம் நெடுகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"என்னய்யா இது, வேலைய அரைகுறையா விட்டுட்டு?" என்று மேஸ்திரியைப் பிடித்தார்.

"மழை பெஞ்சா கல்லுக்குப் பின்னால கொஞ்சம் தண்ணி போகத்தான் செய்யும் சார். போனது வடியணும்ல?"

"நம்ம சுவருக்குள்ள தண்ணி போகுமா? யாரைக் கேட்டுப் போகும்?"

மேஸ்திரிக்கு அடுத்த வேலை காத்திருந்தது. கொள்கைக்காக உயிரை விடுகிற ஆளும் அல்ல. "மூடணும்னா மூடிடலாம் சார். ஒரு சட்டி கலவைதானே" என்றார்.

அன்று மாலையே செயற்குழு கூடியது. 'முகப்பின் கண்ணியத்துக்கு ஊறு விளைவிக்கும் ஓட்டைகளை ஒழிப்பது' என்று செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். எறும்பு வரும் என்றார் ஒருவர். பல்லி வரும் என்றார் இன்னொருவர். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. தலைவர் அதோடு நிற்பாரா? மூடிய இடம் கண்ணில் படாதிருக்க, சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண் கொட்டிப் பூச்செடிகளும் நட்டார்.

பிறகு மழை தன் கடமையைச் செய்தது.

வெளியே கோட்டை கம்பீரமாக நின்றது. உள்ளே தரைத்தளத்துப் படுக்கையறையில் பெயிண்ட் கொப்பளித்தது, பூச்சு உதிர்ந்தது, கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அந்த வீட்டில் குடியிருந்தது தலைவரின் தங்கை. எங்கோ தனியாக இருந்தவளை, "என் கண் முன்னாலயே இரு" என்று நச்சரித்துத் தன் வீட்டுக்கு நேர் கீழே குடிவைத்தவர் அவர்தான். மாலையில் அவள் கையால் ஒரு காபி குடித்து, அவளிடம் நாலு கேலி வாங்கினால்தான் அவருக்குப் பொழுது போகும். இப்போது அவளுக்கு நாலு வார்த்தைக்கு ஒரு இருமல் வந்தது.

"அண்ணே, சுவரெல்லாம் ஊறிப் போயிருக்கு."

"ஈரத்துணிய உள்ள காயப்போட்டியா?"

"இல்ல."

"சமைக்கிறியா?"

"பின்ன, பட்டினி கிடக்கவா?"

"அதான் பாரு! ஆவி!"

ஆனாலும் நீதி தவறாதவர். சொந்தத் தங்கை என்று பாராமல் விசாரணைக் குழு அமைத்தார். குழு சுவரைத் தட்டிப் பார்த்தது, மோந்து பார்த்தது. செயலாளர் விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. மரியாதையாக வெளியே எடுத்துக்கொண்டார். பின்வரும் அறிக்கை வெளியாயிற்று: 'முகப்பில் குறை ஏதும் இல்லை. மேற்படி ஈரத்துக்குக் காரணம், குடியிருப்பவர் மூடிய அறையில் அளவுக்கு மீறி மூச்சு விடுவதே. இனி அவர் நிதானமாகச் சுவாசிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.' கீழே கையெழுத்து, அண்ணனுடையது.

மறுவாரம் வாசலில் சாமான் ஏற்றும் வண்டி வந்து நின்றது. தலைவர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார்.

"எங்க போற?"

"மூச்சு விடலாம்னு சொல்ற வீட்டுக்கு."

கேலிதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. கட்டிலை நகர்த்திய இடத்தில் சுவர் முழங்கால் உயரம்வரை சோறு மாதிரி குழைந்திருந்தது. தலைவர் அதைத் தொட்டார். ஒரு பிடி கையோடு வந்தது. இங்கேயா இவளைப் படுக்க வைத்தோம்! தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து, வண்டிக்காரரிடம் கடப்பாரை வாங்கினார்.

"தலைவரே, தீர்மானத்த ரத்து பண்ணணும்னா முதல்ல கூட்டம் போடணும்!" என்று செயலாளர் பதறினார்.

"தண்ணி கூட்டம் போட்டா உள்ள வந்துச்சு?"

பூச்செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தார். மண்ணைத் தள்ளினார். அடைத்த இடத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கலவை பெயர்ந்தது, கலங்கிய தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி அவர் வெறுங்காலை நனைத்தது. அடுத்த ஓட்டையிலும் குத்தினார். அதிலும் கொட்டியது. தண்ணீர் வாசல்வரை ஓடிப்போய் வண்டியின் சக்கரத்தைச் சுற்றித் தேங்கியது. உள்ளே வந்த தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட வெளியே விடாமல் காத்த சுவரைச் செயலாளர் வாய் பிளந்து பார்த்தார்.

தங்கை படியில் நின்று, ஒரு முறை இருமிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"இவ்வளவும் நான் ஒருத்தி விட்ட மூச்சா, அண்ணே?"