நெய்த் தோட்டா மாமா

கனடா தேசத்திலேயே துப்பாக்கி பிடித்த ஒரே சாம்பார் சாத மனிதர் எங்கள் நெய்த் தோட்டா மாமாதான். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. எழுபதுகளின் மான்ட்ரியலில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கல்லூரியில் உலோகவியல் பேராசிரியர், பியர்ஃபாண்ட்ஸில் சொந்த வீடு, கப்பல் மாதிரி ஒரு கார். சென்னையில் என்.சி.சி.யில் நன்றாகச் சுட்டாராம். அந்த ஆசை அட்லான்டிக்கைத் தாண்டியும் விடவில்லை. லவால் பக்கம் இருந்த ஒரு துப்பாக்கி க்ளப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். சுடுவது காகித வட்டத்தைத்தான். ஒரு கொசுவைக்கூட அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

அந்த க்ளப்பில் எல்லோரும் ஈயத்தை உருக்கித் தாங்களே குண்டு வார்ப்பார்கள். வெறும் ஈயத்தைச் சுட்டால் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குண்டு போகிற இடம் குண்டுக்கே தெரியாது. அதற்காக ஒவ்வொரு குண்டின் இடுப்பிலும் ஒரு பசையைத் தடவுவார்கள். பசை என்னவென்று மாமா விசாரித்தார். பக்கத்தில் நின்று சுடும் காஸ்தோன், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர், தன் டப்பாவைத் திறந்து பெருமையாகச் சொன்னார்: தேன்மெழுகு, கொஞ்சம் மாட்டுக் கொழுப்பு, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"இதுக்காகத்தானேடா சிப்பாய்க் கலகமே நடந்தது. நான் போய் இதைத் தொடுவேனா?" என்றார் என்னிடம். அப்போது நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒற்றை அறையில் குடியிருந்த பிரம்மச்சாரி இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மாமா வீட்டில்தான். ஆகையால் அவர் எதைச் சொன்னாலும் நியாயமாகவே இருக்கும்.

அன்று தொடங்கியது சைவப் பசை ஆராய்ச்சி. தேன்மெழுகில் தேங்காயெண்ணெய் கலந்தார். டிசம்பர் குளிரில் அது பாறையாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நல்லெண்ணெய் கலந்தார், சுட்டதும் க்ளப் முழுக்க ஆவக்காய் ஜாடியைத் திறந்த வாசனை. காஸ்தோனுக்குப் பசி வந்துவிட்டதாம். பிறகு விளக்கெண்ணெய். அது மருந்துக் கடையில் சின்னச் சின்ன பாட்டிலில்தான் கிடைக்கும். வாராவாரம் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போகிறவரைப் பார்த்துக் கடைப் பெண்ணுக்கு இரக்கம் வந்துவிட்டது. தினமும் பழம் சாப்பிடச் சொல்லிப் பரிவோடு யோசனை சொன்னாள். இவர் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கில்லை, என் துப்பாக்கிக்கு" என்று உண்மையைச் சொன்னார். அதற்கப்புறம் அவள் பாட்டிலைத் தூரத்திலிருந்தே தள்ளிவிட்டாள்.

கடைசியில் மாமி காய்ச்சி வைத்திருந்த நெய்யில் கை வைத்தார். தேன்மெழுகும் நெய்யும் சேர்ந்தால் அப்படி ஒரு பசையாம். குண்டு வழுக்கிக்கொண்டு போய் வட்டத்தின் நடுவில் உட்காருமாம். மாமா முன்னேறினாரோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமைப் பருப்பு சாதத்தில் எனக்கு விழும் நெய் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது.

"ஊர்ல யாகத்துல நெய்யைக் கொட்டுவா. புண்ணியமாவது உண்டு. இவர் துப்பாக்கில கொட்டறார்" என்று மாமி என்னிடம்தான் அங்கலாய்ப்பாள். நான் இலைப் பக்கமும் சாயாமல் துப்பாக்கிப் பக்கமும் சாயாமல் தலையாட்டிவைப்பேன்.

இந்த நிலைமையில் க்ளப்பில் ஒரு புது விதி வந்தது. சேரக் காத்திருப்பவர்கள் நிறைய. அதனால் வசந்தகாலப் போட்டியில் கடைசியாக வருபவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆராய்ச்சி நடந்த காலமெல்லாம் கடைசியில் இருந்தவர் மாமாதான். இப்போது நெய் இருந்தது, பயமில்லை. போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் குண்டுகளுக்கெல்லாம் சந்தனக்காப்பு மாதிரிப் பசை தடவி, இறுகட்டும் என்று தட்டோடு பின்பக்கத்து பால்கனியில் வைத்தார்.

நெய் வாசனை அடித்தால் நமக்கே கால் நிற்காது. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்த அணில்கள் என்ன செய்யும்? ஊரில் இருக்கும் சாது அணில் இல்லை. பூனைக்குட்டி சைஸில் இருக்கும் மான்ட்ரியல் அணில். காலையில் தட்டைப் பார்த்தால் ஒவ்வொரு குண்டும் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போலப் பளபளவென்று இருந்தது. மறுபடி காய்ச்சிக் கலக்க நேரமில்லை. வேடிக்கை பார்க்க நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

க்ளப்பில் காஸ்தோன் விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. தன் டப்பாவை மேஜைக்கு அடியில் மெள்ள நகர்த்தினார். எடுத்துக்கொள், யாருக்கும் தெரியாது என்றார். மாமா அந்த டப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லித் திருப்பி நகர்த்திவிட்டார். வெறும் ஈயத்தோடு போய் நின்று சுட்டார். முதல் சில குண்டுகள் வட்டத்தில் விழுந்தன. அப்புறம் ஒன்று ஓரத்தில், ஒன்று மரச்சட்டத்தில், ஒன்று காஸ்தோனுடைய காகிதத்தில். மாமா கடைசி. இடம் போயிற்று.

திரும்பும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "மாமா, போன வாரம் காலேஜ் கான்டீன்ல ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டேளே. உங்களைத் தேடி வந்தப்போ நான் பார்த்தேன். இன்னிக்கு மட்டும் என்ன ஆசாரம்?" என்று கேட்டேவிட்டேன்.

மாமா சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "அது வாய்டா. இது கை. கொழுப்பு நகக்கண்ணுல ஏறினா சோப்புக்குப் போகாது. ராத்திரி உன் மாமி எனக்குத் தட்டு வைக்கறதில்லை, இந்தக் கையிலதான் சாதம் உருட்டிப் போடறா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. அவ விரல் இதுல படறது. அவளுக்குத் தெரியாதுங்கறதுக்காக அந்தக் கையை நீட்டச் சொல்றயா?"

கொஞ்ச தூரம் போனதும், "சாண்ட்விச்சை அவகிட்டச் சொல்லாதே" என்றார்.

நான் சொல்லவில்லை. வீட்டில் மாமி குழம்பு சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். மாமா கையை அலம்பி, நகம் நகமாகத் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இனிமே நெய் பூரா சாதத்துக்குத்தான்" என்றார்.

மாமிக்குப் புரிந்துவிட்டது. பெரிய உருண்டையாக உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி செய்து, கரண்டி நிறைய நெய்யை ஊற்றினாள். அது வழிந்து அவருடைய மணிக்கட்டு வரை போயிற்று. எத்தனையோ பரிசுக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களைப் பிறகு நான் பார்த்திருக்கிறேன். எனக்கு என்னவோ அந்த மனிதரைத்தான் பிடித்திருந்தது.