சம்பந்தி வீட்டுக்குப் போன பார்சல்

ஒன்றும் தெரியாதவர்களால் குடும்பத்துக்கு ஆபத்து இல்லை. அவர்கள் யாரையாவது கேட்டுக்கொள்வார்கள். கொஞ்சம் தெரிந்தவர்களைத்தான் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் நான் அப்படிக் கொஞ்சம் தெரிந்தவளாக இருந்தேன். எக்செல்லில் கூட்டல் போடத் தெரியும், கட்டத்துக்கு மஞ்சள் வண்ணம் அடிக்கத் தெரியும். (ஆபீஸில் வேறு யாருக்கும் மஞ்சள் அடிக்கத் தெரியாது என்பது என் எண்ணம்.)

அப்போது செந்தில் அண்ணன், பெரியப்பா மகன், சிங்கப்பூரிலிருந்து வருவதாக இருந்தது. அங்கே ஆன்லைனில் கிடைக்கும் பல சாமான்களை இங்கே அனுப்ப மாட்டார்கள். அதனால் நாங்கள் உறையூரில் உட்கார்ந்து ஆர்டர் போடுவோம், பார்சல் அண்ணன் வீட்டுக்குப் போகும், அண்ணன் திருச்சி விமானத்தில் பெட்டியோடு வந்து இறங்குவார். யாருக்கு எது என்று கணக்கு வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த முறை ஐந்து பேர். அம்மா, அப்பாவின் குறட்டையை நிறுத்த ஒரு தாடைப் பட்டை கேட்டிருந்தாள். கவிதா அக்கா தன் நிச்சயதார்த்தத்துக்கு லிப்ஸ்டிக். தெருமுனை டெய்லர் ஒரு நல்ல கத்தரிக்கோல். பெரியப்பா, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு, வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெய். கடைசியாக ஸ்ரீரங்கத்திலிருந்து அக்காவின் வருங்கால மாமியார், தோசைக்கல். ஷீட்டில் பொருளின் பெயரை எழுதுவது கத்துக்குட்டிகளின் வேலை என்று நினைத்து, பெயருக்கு நேரே ஆர்டர் நம்பரை மட்டும் போட்டேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

அண்ணனுக்கு அதை அனுப்பப் போகும் நேரத்தில் பெரியப்பா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பை எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"ஏம்மா சுதா, சம்பந்தி பேரு டெய்லருக்குக் கீழ இருக்கு. பொண்ணு குடுக்கற வீடு நாம. நாளைக்கு இது அவங்க கண்ணுல பட்டா என்ன நினைப்பாங்க?"

தன் பெயரும் டெய்லருக்குக் கீழேதான் இருந்தது என்பதை அவர் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. நானும் மரியாதை தெரிந்த பெண் என்பதால், சம்பந்தி, பெரியப்பா, அம்மா, அக்கா, டெய்லர் என்று வரிசையை மாற்றினேன். பெயர்களை மட்டும் மாற்றினேன். பக்கத்து நெடுவரிசையில் இருந்த ஆர்டர் நம்பர்கள் ஒவ்வொன்றும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. மேலே மஞ்சள் அடித்து அனுப்பிவிட்டேன்.

அண்ணி ரொம்ப நேர்த்தியான மனுஷி. பெட்டியில் இருக்கும் நம்பரை என் ஷீட்டோடு ஒத்துப் பார்த்து, அழகான காகிதம் சுற்றி, முத்து முத்தாகப் பெயர் எழுதி அனுப்பியிருந்தார். அண்ணன் வந்தது வியாழக்கிழமை, நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி வீட்டுக்கு முதலில் கொடுப்பதுதான் முறை என்று அம்மா பழம், பூவெல்லாம் சேர்த்துக் கொடுக்க, நான் ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டினேன்.

அக்காவின் மாமியாராகப் போகிற அத்தை என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, ஆசையாகக் காகிதத்தைப் பிரித்தார். அட்டையில் ஒரு வெள்ளைக்காரர், தாடையோடு சேர்த்துத் தலையைப் பட்டையால் கட்டிக்கொண்டு, மோட்சம் கிடைத்தவர் போலத் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை ஸ்கூல் டீச்சர். பெட்டியில் எழுதியிருந்ததை நிதானமாக வாசித்தார். பிறகு பக்கத்தில் இருந்த தன் கணவரை, மாமாவை, பார்த்தார். மாமா பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நான் குறட்டை விடறேன்னு உங்க வீட்ல யாரும்மா சொன்னது?"

மாமா குறட்டை விடுவார் என்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். வாயில் காபி இருந்தது, விழுங்க முடியவில்லை.

"விசாரிச்சிருக்கீங்க. பக்கத்து வீட்டுக்காரன்தானே சொன்னான்?" என்றார் மாமா.

என் தலை ஆடியது. அது ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போயிட்டு வரேன் என்று கும்பிட்டுவிட்டு ஓடிவந்தேன். (கும்பிட்டது மாமாவை இல்லை, வாசலில் நின்றிருந்த கொரியர் ஆளை என்று பாதி வழியில்தான் உறைத்தது.)

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு திருவிழா. பெரியப்பா பெயர் போட்ட பார்சலில் சிவப்பு லிப்ஸ்டிக் இருந்ததைப் பெரியம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பாவால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, சொன்னால் வழுக்கை எண்ணெயையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த எண்ணெய் அக்கா கையில் இருந்தது. டெய்லர் தோசைக்கல்லில் ஆம்லெட்டே போட்டு முடித்துவிட்டார். நான் ஸ்ரீரங்கத்தில் நடந்ததைச் சொன்னதும் எல்லாரும் லிப்ஸ்டிக்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சுடி" என்றாள், எல்லாம் முடிந்துபோன மாதிரி. அந்த ஒரு வார்த்தையில் என் கெட்டிக்காரத்தனமெல்லாம் கரைந்துபோனது. என்னைப் பெற்றதற்குப் பதில் ஒரு கால்குலேட்டர் வாங்கியிருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்க அப்பா வேட்டி மாற்றிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அத்தை. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. யார்கிட்டயும் சொல்லிக்க முடியல. நேத்து அந்தப் பட்டையை அவருக்கு மாட்டிவிட்டேன், அப்படியே தூங்கிப்போயிட்டேன். பொண்ணு குடுக்கறவங்க விசாரிப்பாங்கதான். விசாரிச்ச கையோட வைத்தியமும் பண்ணினது உங்க வீடுதான்."

அப்பா உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். அம்மா அவர் கையைக் கிள்ளினாள். நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு நடந்தது. அக்கா லிப்ஸ்டிக் போட்டிருந்தாள். மாமா மட்டும் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பாவப்பட்ட மனிதருக்கு இன்னும் காரணம் தெரியாது.

அதன் பிறகு ஸ்ரீரங்கத்தில் என் பெயர் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. அத்தை வீட்டில் யாருக்கு வரன் வந்தாலும், "சுதாவை அனுப்புங்க, அவ குறட்டை வரைக்கும் கண்டுபிடிச்சிடுவா" என்கிறார்கள். போன மாதம்கூட அக்காவின் நாத்தனாருக்கு ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கச் சமயபுரம் போகச் சொல்லி அத்தையே கூப்பிட்டார். நான் பெருமையாகக் கிளம்பியபோது, அப்பா செருப்பு மாட்டாமலே வாசல்வரை வந்தார்.

"விசாரி, வேண்டாங்கல. ஆனா தயவுசெஞ்சு எதுலயும் எழுதி வைக்காத."